பொது நூலகத்தில் மாங்கா: ஒரு தொடரை வாங்குவது என்றால் என்ன?

ஜப்பானில் உருவாகும் படக்கதைகளுக்கு மாங்கா என்று பெயர். தொலைக்காட்சியில் டோரேமானையும் ஷின்சானையும் தமிழ்க் குரலில் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இப்போது கல்லூரி வரை வந்துவிட்டார்கள். அந்த அசைபடங்களுக்கு மூலமான அச்சுப் புத்தகங்கள் உண்டு என்று தெரிந்துகொண்டு, கடலூர் மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் புதுச்சேரியிலும் அவற்றைத் தேடுகிறவர்கள் அவர்களுள் உண்டு. கடையில் ஒரு பாகத்தின் விலை சில நூறு ரூபாய். ஒரு கதை முடிய எழுபது பாகங்கள்கூட ஆகலாம். நடுத்தரக் குடும்பம் ஒன்று தன் பிள்ளைக்கு முழுமையாக வாங்கித் தரக்கூடிய பொருள் அன்று இது. தனி ஒருவரால் வாங்க இயலாததை ஊரே சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொள்ளத்தான் பொது நூலகம் ஏற்பட்டது என்பதால், மாங்காவுக்கு அங்கே இடம் உண்டா என்ற விவாதத்தில் நேரம் செலவிடாமல், அந்த இடத்தை எப்படி அமைப்பது என்பதை நூலகப் பணியாளர்களுக்கும் வாசகர் வட்டத்தினருக்கும் எளிமையாகச் சொல்ல இக்கட்டுரை முயல்கிறது.

இதில் அடிப்படையான கருத்து ஒன்றுதான். நூலகத்தின் கணக்கில் புத்தகம் என்பது ஓர் அலகு. மாங்காவில் தொடர்தான் அலகு. தேர்வு, நிதி, பட்டியல், அடுக்கு, இரவல், பழுதுபார்ப்பு ஆகிய எல்லாவற்றிலும் எழும் சிக்கல்கள், தொடரைத் தனித்தனிப் புத்தகங்களாக நினைத்து நடத்துவதிலிருந்தே பெரும்பாலும் தொடங்குகின்றன.

பாகம் உருவாகும் விதம்

ஜப்பானில் மாங்கா முதலில் இதழ்களில்தான் வெளியாகிறது. வார இதழாக இருந்தால், வாரந்தோறும் ஏறத்தாழ இருபது பக்கம் கொண்ட ஓர் அத்தியாயம் வரும். ஒன்பது பத்து அத்தியாயங்கள் சேர்ந்தவுடன் அவற்றை இருநூறு பக்க அளவிலான ஒரு பாகமாக அச்சிடுகிறார்கள். ஆகவே வார இதழில் நடந்துகொண்டிருக்கும் ஒரு கதையிலிருந்து ஆண்டுக்கு நான்கு அல்லது ஐந்து பாகங்கள் வெளிவரும். 1997இல் தொடங்கிய ஒன் பீஸ் 2021இல் நூறாவது பாகத்தை எட்டியது, இன்னும் முடியவில்லை. 1999இல் தொடங்கி 2014இல் முடிந்த நரூட்டோ 72 பாகங்கள் கொண்டது. ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் 27 பாகங்களிலும், செவித்திறன் குறைந்த மாணவி ஒருத்தியை மையமாகக் கொண்ட எ சைலன்ட் வாய்ஸ் ஏழே பாகங்களிலும் முடிந்துவிடுகின்றன.

1972இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸ் போன்ற வெளியீடுகளால் நமக்குப் பழகிய படக்கதை மரபில், பெரும்பாலும் ஓர் இதழில் ஒரு சாகசம் நிறைவடைந்துவிடும். ஓர் இதழ் தொலைந்தாலும் மற்ற இதழ்களைப் படிப்பதில் தடையில்லை. மாங்காத் தொடர்கள் பல ஒரே நீண்ட நாவலைப் போன்றவை. ஏழாம் பாகம் இல்லாவிட்டால் எட்டாம் பாகத்தை எடுக்கும் வாசகருக்கு யார் இறந்தார், யார் எவரோடு பகையானார் என்பதே புரியாது.

கடலூரிலிருந்து தெற்கே சிதம்பரத்தையும் கொள்ளிடத்தையும் கடந்தால் வரும் சீர்காழியில் 1892இல் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூல் வடிவில் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் கிடைக்க வேண்டும் என்பது. 72 பாகங்கள் கொண்ட தொடரில் ஏழாம் பாகம் காணாமல் போனால், பதிவேட்டின்படி இழப்பு ஒரு நூல்தான். ஆனால் எட்டு முதல் எழுபத்திரண்டு வரையுள்ள அறுபத்தைந்து நூல்கள் அன்றே தம் வாசகர்களை இழந்துவிடுகின்றன. நூலகம் வளரும் உயிரி என்ற அவருடைய ஐந்தாம் விதியும் இங்கே கண்முன் நிற்கிறது, ஏனெனில் முடியாத தொடர் ஒன்றை வாங்கத் தொடங்கும் நூலகம், அடுத்த பல ஆண்டுகளுக்கான செலவையும் இடத்தையும் அந்த ஒரே முடிவில் ஒப்புக்கொண்டுவிடுகிறது.

எதை வாங்குவது?

ஒரு பாகத்தின் விலை 450 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். எ சைலன்ட் வாய்ஸ் முழுவதும் 3,150 ரூபாய். ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் 12,150 ரூபாய். நரூட்டோ 32,400 ரூபாய். ஒரு கிளை நூலகத்துக்கு முதல் ஆண்டில் இருபதாயிரம் ரூபாய் கிடைக்கிறது என்றால், ஆசை இழுக்கும் வழி நாற்பதுக்கும் மேற்பட்ட தொடர்களின் முதல் பாகத்தை மட்டும் வாங்கி, எது ஓடுகிறது என்று பார்ப்பது. பட்டியலில் இது செழிப்பாகத் தோன்றும். வாசகருக்கோ நாற்பது கதைகளைத் தொடங்கி எதையும் முடிக்க முடியாத நிலைதான் மிஞ்சும். அதே தொகையில், ஜப்பானில் நிறைவடைந்து ஆங்கிலத்திலும் முழுமையாக வெளிவந்துவிட்ட நான்கைந்து சிறு தொடர்களை முதல் பாகம் முதல் கடைசிப் பாகம் வரை வாங்குவதே தக்கது என்பது என் உறுதியான கருத்து. ஏழு, எட்டு, பத்து, பன்னிரண்டு பாகங்களில் முடியும் நல்ல கதைகள் ஏராளமாக உள்ளன. ஒசாமு தெசூகா வரைந்த புத்தரின் வாழ்க்கைக் கதை ஆங்கிலத்தில் எட்டுப் பாகங்களாகக் கிடைக்கிறது. படக்கதை என்றாலே முகம் சுளிக்கும் பெரியவர்களையும் அதைக் கொண்டு வாசிக்க வைத்துவிடலாம்.

நடந்துகொண்டிருக்கும் நெடுந்தொடர்களை அறவே ஒதுக்க வேண்டியதில்லை, ஏனெனில் இளைஞர்கள் முதலில் கேட்பதே அவற்றைத்தான். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்று அல்லது இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, பழைய பாகங்களை ஆண்டுக்கு இருபது இருபதாக வாங்கி, புதியவற்றுக்கு ஆண்டுதோறும் ஐந்து பாகங்களின் விலையைத் தனியே ஒதுக்கி வைக்க வேண்டும். வெளியீட்டாளர் பாதியில் கைவிடும் அபாயமும் உண்டு. அமெரிக்கப் படக்கதை வெளியீட்டாளரான டிசி நிறுவனத்தின் சிஎம்எக்ஸ் என்ற மாங்காப் பிரிவு 2010இல் மூடப்பட்டது. டோக்கியோபாப் என்ற மாங்கா வெளியீட்டு நிறுவனம் தன் அமெரிக்க வெளியீட்டுப் பணியை 2011இல் நிறுத்தியது. இரண்டு முறையும் பல தொடர்கள் ஆங்கிலத்தில் அந்தரத்தில் நின்றன. நிறைவடைந்த தொடரை வாங்கும் நூலகத்தை இந்தக் கவலை அண்டாது.

மூன்று பாகங்களை ஒன்றாகச் சேர்த்த தடித்த பதிப்புகளும் உள்ளன. நரூட்டோ அவ்வாறு 24 புத்தகங்களாகக் கிடைக்கிறது. செலவு குறையும் என்பது உண்மை. ஆயினும் அறுநூறு பக்கத்தைப் பசையால் மட்டும் பிடித்து வைத்திருக்கும் முதுகு, கை மாறிக் கை மாறிச் செல்லும் நூலகத்தில் விரைவில் விரிசல் விடும். விரிந்துவிட்டால் ஒரே நேரத்தில் மூன்று பாகங்கள் பயனற்றுப் போகும். எந்தப் பதிப்பில் தொடங்கினாலும் அதிலேயே முடிப்பது நல்லது. சேர்த்த பதிப்பின் ஐந்தாம் புத்தகத்தில் இருப்பவை பதின்மூன்று முதல் பதினைந்து வரையான பாகங்கள் என்பதால், இரண்டு பதிப்புகளும் கலந்த அடுக்கில் பணியாளரே வழி தவறுவார்.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். தமிழில் மாங்கா மிக அரிது என்பதால் கடலூரில் தொகுப்பு பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமையும். உரையாடல்கள் சிறு சிறு வாக்கியங்களாகவும் படத்தின் துணையோடும் வருவதால், தமிழ்வழியில் படித்த எட்டாம் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஆங்கிலத்தில் முழுமையாகப் படித்து முடிக்கும் முதல் புத்தகமாக இது அமையக்கூடும். வாங்கும் குழுவிடம் முன்வைக்கத் தகுந்த வலுவான வாதம் இது. புதுச்சேரியின் நிலை வேறு. 1827இல் தொடங்கப்பட்டு இன்று ரோமன் ரோலண்ட் பெயரைத் தாங்கும் பொது நூலகமும், பிரெஞ்சு வழிப் பள்ளியும், பிரெஞ்சு பேசும் குடும்பங்களும் உள்ள ஊர் அது. ஜப்பானுக்கு வெளியே மாங்கா மிகுதியாகப் படிக்கப்படும் நாடுகளுள் பிரான்சும் ஒன்று. அந்நாட்டின் கிளேனா பதிப்பகம் 1990இலேயே அகிரா என்ற மாங்காவைப் பிரெஞ்சில் கொண்டுவந்துவிட்டது. எனவே புதுச்சேரியில் ஒரே தொடரை இரு மொழிகளில் வாங்குவதை வீண் செலவு என்று சொல்ல முடியாது. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: முதல் ஐந்து பாகம் ஆங்கிலத்திலும் அடுத்த ஐந்து பாகம் பிரெஞ்சிலும் இருக்கும்படி, கிடைத்ததை வாங்கிச் சேர்க்கக் கூடாது.

நிதிக்கு நமக்கு மரபான வழிகள் உள்ளன. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழி வந்த நூலக வரி, சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு என்ற அளவில் உள்ளாட்சி அமைப்புகளால் வசூலிக்கப்படுகிறது. 1972இல் தோன்றிய ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை மாநிலங்களின் பொது நூலகங்களுக்கு உதவுகிறது. இவற்றின் வழியாக வரும் நூல்களின் தேர்வு பெரும்பாலும் உள்ளூர் நூலகரின் கையில் இல்லை. உள்ளூரில் செய்யக்கூடியவை இரண்டு: வாசகர் பரிந்துரைப் பதிவேட்டில் தொடரின் பெயர், மொத்தப் பாகங்கள், வெளியீட்டாளர், ஐஎஸ்பிஎன் எண்கள் ஆகியவற்றுடன் முறையாகக் கோரிக்கை எழுதச் செய்வது, வாசகர் வட்டத்தின் மூலம் புரவலர்களை அணுகி, ‘ஒருவர் ஒரு தொடர்’ என்று முழுமையாக ஏற்கச் சொல்வது. தொடரின் எல்லாப் பாகங்களிலும் தன் குடும்பத்தின் பெயர் இருக்கும் என்றால் கொடுப்பவருக்கும் மனநிறைவாக இருக்கும்.

நன்கொடையாக வரும் புத்தகங்களில் ஓர் எச்சரிக்கை தேவை. இந்தியாவில் மாங்காவின் கள்ளப்பதிப்புகள் நடைபாதைகளிலும் இணையச் சந்தைகளிலும் மலிவாக உலவுகின்றன. மெல்லிய தாள், மங்கிய அட்டை, சாம்பல் நிறப் பகுதிகளில் அலையலையாகத் தெரியும் புள்ளிகள், பக்க ஓரத்தில் வெட்டுப்பட்ட எழுத்துகள் ஆகியவை அவற்றின் அடையாளங்கள். பொது நிறுவனம் அவற்றை ஏற்பது பதிப்புரிமைக்கு எதிரானது. மாங்காவை ஆங்கிலத்தில் வெளியிடும் விஸ் மீடியாவின் நூல்கள் இந்தியாவில் சைமன் அண்ட் ஷுஸ்டர் வழியாக வருகின்றன. வாங்கும்போது இத்தகைய முறையான விநியோகத்தின் பட்டியல் ரசீதையே கேட்டுப் பெற வேண்டும்.

எந்த வயதினருக்கு?

பெற்றோர் முதலில் கேட்கும் கேள்வியும், நூலகர்கள் மிகவும் அஞ்சும் கேள்வியும் இதுவே. ஜப்பானில் ஷோனென் என்பது சிறுவர்களுக்கான இதழ்களில் வருபவை, ஷோஜோ சிறுமியருக்கானவை, செய்னென் வயது வந்த ஆண்களுக்கும் ஜோசெய் வயது வந்த பெண்களுக்கும் உரியவை. இவை எந்த இதழில் கதை வெளியானது என்பதைக் காட்டும் பெயர்களேயன்றி, நம் ஊர் நூலகத்துக்கான வயதுத் தரச்சான்றுகள் அல்ல. ஷோனென் இதழில் வந்த கதையில் கடுமையான வன்முறை இருக்கலாம். செய்னென் இதழில் வந்த கதை ஒரு தந்தையும் சிறு மகளும் வாழும் அமைதியான குடும்பக் கதையாகவும் இருக்கலாம்.

அசைபடத்தைப் பார்த்து முடிவு செய்வது அதைவிடத் தவறு. ஷின்சான் இங்கே குழந்தைகளின் நிகழ்ச்சி. ஆனால் அதன் மூலமான மாங்கா 1990இல் வயது வந்த ஆண்களுக்கான ஒரு வார இதழில்தான் தொடங்கியது. அதன் நகைச்சுவையும் அவர்களை நோக்கியதே. டோரேமானோ தொடக்கம் முதலே குழந்தைகளுக்கான இதழ்களில் வந்தது. தொலைக்காட்சியில் அடுத்தடுத்து ஒளிபரப்பாகும் இந்த இரண்டையும் சிறுவர் பிரிவில் ஒன்றாக அடுக்கினால், முதல் வாரத்திலேயே ஒரு பெற்றோர் புத்தகத்தோடு மேசைக்கு வந்து நிற்பார்.

நடைமுறையில் எளிய வழி, ஆங்கில வெளியீட்டாளர்கள் பின்னட்டையில் அச்சிடும் தரக்குறியீட்டிலிருந்து தொடங்குவது. விஸ் மீடியா எல்லா வயதினர், பதின்வயதினர், மூத்த பதின்வயதினர், வயது வந்தோர் என்று நான்காகப் பிரிக்கிறது. முதலாவதைச் சிறுவர் பிரிவிலும், அடுத்த இரண்டை இளையோருக்கென ஒதுக்கிய தனி அடுக்கிலும், கடைசியைப் பெரியவர்கள் பிரிவிலும் வைத்து, முதுகில் வெவ்வேறு நிற ஒட்டுத்தாள் இட்டால் போதும். நெடுந்தொடர்களில் கதை முதிர முதிர தரக்குறியீடும் மாறக்கூடும் என்பதால், முதல் பாகத்தை மட்டும் பார்த்துவிட்டு வகைப்படுத்தக் கூடாது. தொடர் முழுவதையும் அதன் மிக உயர்ந்த குறியீட்டுக்குரிய இடத்திலேயே வைக்க வேண்டும். ஐந்தாம் பாகம் வரை ஓர் அறையிலும் ஆறாம் பாகம் முதல் வேறு அறையிலும் வைக்கும் தொகுப்பு எவருக்கும் பயன்படாது.

ஆனால் தரக்குறியீடு எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதற்கு ஜப்பானே சான்று. ஹிரோஷிமா அணுகுண்டில் தப்பிய கெய்ஜி நகசாவா 1973இல் வரையத் தொடங்கிய பேர்ஃபுட் ஜென், பத்துப் பாகங்கள் கொண்டது. ஜப்பானியப் பள்ளி நூலகங்களில் பல தலைமுறை மாணவர்கள் படித்தது. 2012 டிசம்பரில் மட்சுவே நகரக் கல்வி வாரியம், அதில் உள்ள கொடூரக் காட்சிகளைக் காரணம் காட்டி, மாணவர்கள் தாமாக எடுக்க முடியாதபடி அதைப் பூட்டி வைக்குமாறு பள்ளிகளைக் கேட்டுக்கொண்டது. செய்தி வெளியானபின் நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 2013 ஆகஸ்டில் அந்தக் கோரிக்கை திரும்பப் பெறப்பட்டது. அந்தக் கட்டுப்பாடு பள்ளிகளோடு கலந்து பேசாமல் வாரியத்தின் அலுவலகத்திலிருந்து வந்தது என்பதே அங்கே பெரும் குறையாகச் சொல்லப்பட்டது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது நடைமுறை சார்ந்த ஒன்று. தொகுப்பைத் தொடங்கும் முன்பே, எந்த அளவுகோலில் தேர்ந்தெடுக்கிறோம், புகார் வந்தால் யார் படித்துப் பார்த்து எத்தனை நாளில் பதில் சொல்வார்கள் என்பதை ஒரு பக்க அளவில் எழுதி, வாசகர் வட்டத்தின் ஒப்புதலோடு அறிவிப்புப் பலகையில் இட வேண்டும். புகாரை எழுத்தில் பெற வேண்டும். குறிப்பிட்ட ஒரு படத்தை மட்டும் அன்றி அந்தப் பாகத்தை முழுமையாகப் படித்தபின் முடிவெடுக்க வேண்டும். முடிவு வரும்வரை நூல் அடுக்கிலேயே இருக்க வேண்டும். எழுதப்பட்ட விதி ஏதும் இல்லாத நூலகத்தில், சத்தமாகப் பேசும் முதல் மனிதரே தேர்வுக் குழுவாகிவிடுகிறார்.

பதிவும் அடுக்கும்

ஜப்பானியப் பக்கம் வலமிருந்து இடமாகப் படிக்கப்படுகிறது. இன்றைய ஆங்கில, பிரெஞ்சுப் பதிப்புகளும் பெரும்பாலும் அவ்வாறே அச்சாகின்றன. முதுகு வலப்பக்கம் இருக்கும்படி புத்தகத்தைப் பிடிக்க வேண்டும். நமக்குப் பின்னட்டையாகத் தோன்றுவதே முன்னட்டை. வாசகர் இதை ஐந்து நிமிடத்தில் பழகிவிடுவார். தடுமாறுவது நூலகத்தின் பழக்கம்தான். கை பழகிய இடத்தில் தவணைச் சீட்டை ஒட்டினால் அது கதையின் கடைசிப் பக்கத்தை மறைக்கும். தலைப்புப் பக்கத்தில் இட வேண்டிய முத்திரை கதை முடிவின் மேல் விழும். நூலகங்கள் மறைபக்கம் என்று ஒன்றை வைத்துக்கொண்டு எல்லா நூல்களிலும் அதே எண்ணுள்ள பக்கத்தில் முத்திரை இடுவது வழக்கம். மாங்காவில் படம் பக்கத்தின் விளிம்பு வரை பரவியிருப்பதால், அந்த முத்திரை ஒரு முகத்தின் நடுவே பதியும். பதிப்புரிமைப் பக்கத்திலும் உள்தலைப்புப் பக்கத்திலும் மட்டும் முத்திரையிட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

பகுப்பு எண்ணில் சிரமம் இல்லை. டூயி தசமப் பகுப்பில் படக்கதைக்கு 741.5 என்ற எண் உள்ளது. அதன்கீழ் ஆசிரியரின் முதலெழுத்துகளைச் சேர்ப்பது பொது வழக்கம் என்றாலும், மாங்காவில் தொடரின் பெயரையே சேர்ப்பது மேல். கதை எழுதுபவர் ஒருவர், வரைபவர் இன்னொருவர் என்ற தொடர்கள் உண்டு. வாசகர்களும் தொடரின் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். அதற்கும் கீழே பாக எண்ணைப் பெரிதாக எழுத வேண்டும், ஆனால் முதுகில் ஏற்கெனவே அச்சிட்டுள்ள பாக எண்ணை ஒட்டுத்தாள் மறைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புத்தகம் வலமிருந்து படிக்கப்பட்டாலும், அடுக்கில் பாகங்கள் நம் வழக்கப்படி இடமிருந்து வலமாகவே நிற்கட்டும்.

கோஹா அல்லது இ-கிரந்தாலயா போன்ற நூலக மேலாண்மை மென்பொருளைப் பயன்படுத்தும் நூலகம், தொடர் முழுவதையும் ஒரே நூற்பதிவின்கீழ் வைப்பதா, பாகத்துக்கு ஒரு பதிவா என்று தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டும். ஒரே பதிவாக வைத்தால் தேடுகிறவருக்குத் தொடர் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆனால் பன்னிரண்டாம் பாகத்துக்காக முன்பதிவு செய்தவருக்கு, முதலில் திரும்பி வந்தது நான்காம் பாகம் என்றால் அதையே எடுத்து வைக்கும்படி மென்பொருள் சொல்லக்கூடும். முன்பதிவைக் குறிப்பிட்ட படிக்கென்று மட்டும் அனுமதிக்கும் வகையில் விதியை அமைத்தால் இது தீரும். அதற்கு வசதி இல்லாத இடத்தில், ஒவ்வொரு பாகத்துக்கும் தனிப்பதிவு செய்து, தொடர்ப் பெயரை எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் இடுவதே பாதுகாப்பானது.

இடக் கணக்கு எளியது. ஒரு பாகத்தின் தடிமன் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் என்பதால் ஒரு மீட்டர் தட்டில் ஐம்பது அறுபது பாகங்கள் நிற்கும். உயரம் பத்தொன்பது சென்டிமீட்டர் அளவே ஆகையால், வழக்கமான இரும்பு அடுக்கில் தட்டுகளை நெருக்கி ஒரு தட்டைக் கூடுதலாகப் பொருத்தலாம். புத்தகம் சிறியது என்பதற்காக முன்னும் பின்னுமாக இரண்டு வரிசை வைப்பதைத் தவிர்க்க வேண்டும். பின்வரிசை வாசகர் கண்ணில் படாது, காற்றோட்டமும் இராது. கியோட்டோவில் பழைய தொடக்கப்பள்ளிக் கட்டடத்தில் 2006இல் திறக்கப்பட்ட பன்னாட்டு மாங்கா அருங்காட்சியகத்தின் சுவர் நெடுகிலும் ஐம்பதாயிரம் பாகங்கள் கைக்கெட்டும்படி நிற்கின்றன. ஹிரோஷிமா நகராட்சியோ 1997இலிருந்து மாங்காவுக்கென்றே ஒரு பொது நூலகம் நடத்தி வருகிறது. நமக்கு ஒரு அலமாரி போதும்.

இரவல்

ஓர் அட்டைக்கு மூன்று நூல், பதினைந்து நாள் தவணை என்ற விதியை அப்படியே மாங்காவுக்குப் பொருத்திப் பாருங்கள். 72 பாகங்களை மூன்று மூன்றாக எடுக்க 24 முறை ஆகும். ஒவ்வொரு முறையும் முழுத் தவணையையும் பயன்படுத்தினால் 360 நாள், அதாவது ஏறக்குறைய ஓர் ஆண்டு. ஒரு பாகத்தைப் படிக்க ஒரு மணி நேரமே பிடிக்கும். மீதி நேரமெல்லாம் அது யாரோ ஒருவர் வீட்டு மேசையில் கிடக்க, பின்னால் வருபவர் காத்திருப்பார். எனவே தவணையை ஏழு நாளாகக் குறைத்து, ஒரே தொடரின் அடுத்தடுத்த மூன்று பாகங்களை ஒரு நூலாகக் கணக்கிடலாம். விதியை மாற்றும் உரிமை கிளை நூலகருக்கு இல்லையென்றால், மாங்காவை முதலில் நூலகத்திலேயே படிப்பதற்கான தொகுப்பாகத் தொடங்கலாம். கோடை விடுமுறையில் நாற்காலிகள் நிரம்பும். அந்த வருகைக் கணக்கைக் காட்டி விதித் தளர்வு கோரலாம்.

முதல் மூன்று பாகங்களுக்குத் தேய்மானம் அதிகம், ஏனெனில் தொடங்குகிறவர் எல்லோரும் அவற்றைத் தொடுகிறார்கள். பிடிக்காதவர் அங்கேயே நின்றுவிடுகிறார். புகழ்பெற்ற தொடர்களில் அந்த மூன்றுக்கு மட்டும் இரண்டாம் படி வாங்குவது நியாயமான செலவு.

கடற்கரை ஊரின் ஈரம்

மாங்கா விலை மலிவாக வரும்பொருட்டு மரக்கூழ்த் தாளிலும் பசைக் கட்டிலும் அச்சாவது. கடற்காற்றுப் படும் ஊரில் அந்தத் தாள் விரைவில் பழுக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அறையின் ஒப்பு ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். இராமபாணப் பூச்சிக்குப் பசை மிகப் பிடித்த உணவு. அடுக்கைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பதும், பிளாஸ்டிக் உறையை மூச்சு முட்ட ஒட்டாமல் தளர்வாக இடுவதும், மழை ஓய்ந்த வெயில் நாளில் சன்னல்களைத் திறந்து விடுவதும் செலவில்லாத காப்புகள். 2011 டிசம்பரில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலையும், 2015 வெள்ளத்தையும் பார்த்த மாவட்டத்தில், தரையிலிருந்து ஒரு அடி உயரம் வரை எந்தத் தட்டிலும் புத்தகம் வைக்கக் கூடாது என்பதற்குத் தனி விளக்கம் தேவைப்படாது.

முதுகு விட்டுப்போன பாகத்தைக் கட்டுவதற்கு அனுப்புமுன் கட்டுநரிடம் நேரில் பேச வேண்டும். வழக்கமான பக்கத் தையல் உள் ஓரத்தில் அரை அங்குலத்தை விழுங்கும். பிறகு மூன்று ஓரங்களையும் சமன்செய்ய வெட்டுவார்கள். எழுத்துப் புத்தகத்தில் வெற்று ஓரம் இருப்பதால் இது தாங்கும். மாங்காவில் இரண்டு பக்கங்களையும் இணைத்து வரைந்த பெரிய காட்சி நடுவில் காணாமல் போகும். விளிம்பில் இருந்த உரையாடல் குப்பைக்குப் போகும். தையலும் வெட்டும் இல்லாமல் பசை மட்டும் புதுப்பித்துத் தரச் சொல்ல வேண்டும். கிழிந்த பக்கத்தில் செல்லோ டேப் ஒட்டுவதை எப்போதும் தவிர்க்க வேண்டும். அது மஞ்சளாகி, பசை கசிந்து, பக்கத்துப் பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும்.

ஆண்டு இருப்புச் சரிபார்ப்பு

இந்திய நூலகர்கள் புத்தகம் தொலைந்தால் தம் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற அச்சத்தில் நல்ல நூல்களைப் பூட்டி வைப்பது பழைய கதை. நடுவண் அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி 215இன்படி, நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாக இல்லாதவரை, ஓர் ஆண்டில் வழங்கப்பட்ட அல்லது பார்வையிடப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து என்ற அளவிலான இழப்பை இயல்பானதாகக் கொள்ளலாம். ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலின் இழப்பையும், விலை எதுவானாலும் அரிய நூலின் இழப்பையும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். அது நடுவண் அரசின் நிறுவனங்களுக்காக எழுதப்பட்டது. என்றாலும் அதன் மனப்பான்மை எல்லாப் பொது நூலகங்களுக்கும் ஏற்றது. மாங்காவைப் பொறுத்தவரை அந்த விதி ஒன்றைக் கணக்கில் கொள்ளவில்லை: 450 ரூபாய் பாகம் தொலைந்தால் விசாரணை தேவையில்லை, ஆனால் அதை உடனே மீண்டும் வாங்காவிட்டால் 32,400 ரூபாய்த் தொடர் செயலிழக்கிறது. வெளியீட்டாளர்கள் பழைய தொடர்களின் நடுப் பாகங்களை மறு அச்சுச் செய்யாமல் விட்டுவிடுவதும் உண்டு என்பதால், ஆண்டு முடிவு வரை காத்திருக்காமல் மாதம் ஒரு முறை அடுக்கின் எதிரே நின்று எண்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது. ஓர் அலமாரிக்குக் கால் மணி நேரம் ஆகும்.

மீண்டும் வாங்க முடியாத பாகம் இருந்தால் அட்டவணையில் அதைத் தெளிவாகக் குறித்து, அருகிலுள்ள வேறு கிளையில் இருந்தால் அங்கிருந்து கேட்டுப் பெறலாம். எங்கும் கிடைக்காமல், வாசகர் எடுப்பதும் நின்றுவிட்டால், அந்தத் தொடரை முழுமையாகவே கழிவுக்குப் பரிந்துரைக்க வேண்டும். ஒற்றைப் பாகங்களைக் கழித்துக்கொண்டு மீதியை அடுக்கில் வைத்திருப்பதில் பொருளில்லை.

புதிய நிதியாண்டில் பணம் வந்தவுடன் செலவின் வரிசை இதுவாக இருக்கட்டும். முதலில் தொலைந்த, சிதைந்த பாகங்கள். அடுத்து, ஏற்கெனவே தொடங்கிய நெடுந்தொடர்களின் புதிய பாகங்கள். அதற்கும் மேல் மீதம் இருந்தால் மட்டும் ஒரு புதிய தொடர். மீதம் இல்லாத ஆண்டில், புதிய தொடர் கேட்டு வரும் மாணவரிடம் பரிந்துரைப் பதிவேட்டைக் கொடுத்து, மொத்தம் எத்தனை பாகங்கள் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லலாம்.